தேஜு தப்பாக ஆட வேண்டும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பதினாறு வருடமாக நான்தான் டீச்சர். ஜெயராணி என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு நான் பால்வாடி டீச்சர். ஒரு குழந்தை அழுதால் அது பசி அழுகையா, தூக்க அழுகையா, பக்கத்துப் பிள்ளை கிள்ளிவிட்ட அழுகையா என்று சமையலறைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பீற்றலில் மண்ணைப் போட்டது இரண்டே முக்கால் வயதுக் குழந்தை ஒன்று.

தேஜஸ்வினி என்று பெயர். தேஜு என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்றுதான் சொல்ல முடியும், வருவாள் என்று சொல்ல முடியாது. பேச்சும் இல்லை. ஒரு சொல், அரைச் சொல் கிடையாது. இது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. புரிந்த பிறகும் குழப்பம் தீரவில்லை, அது வேறு கதை. இல்லை, அதுவும் இந்தக் கதைதான்.

ஜூன் மாதம் தருமபுரியில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ‘இசையும் அசைவும்’ என்று தலைப்பு. சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்காதீர்கள், பாட்டுப் பாடுங்கள், கை தட்டுங்கள், குதிக்க விடுங்கள், ஆடுகிற பிள்ளைக்குப் பேச்சு தானாக வரும் என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். எங்களையும் ஆடச் சொன்னார். ஐம்பது வயது டீச்சர்கள் எல்லாம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முயல் மாதிரி குதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே வலித்தது. ஆனால் விஷயம் மனதில் பதிந்துவிட்டது. ஆடினால் பேச்சு வரும்.

ஊருக்கு வந்ததும் நானே ஒரு பாட்டுக் கட்டினேன்.

“தக்காளி தக்காளி தலையாட்டு,
கத்திரிக்கா கத்திரிக்கா கையாட்டு,
முருங்கக்கா முருங்கக்கா நிமிந்து நில்லு,
பூசணிக்கா பூசணிக்கா பொத்துனு உக்காரு.”

தினமும் பத்தரை மணிக்கு நான் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து நடுவில் நிற்பேன். இருபத்திரண்டு பிள்ளைகள் சுற்றி நிற்கும். நிற்கும் என்பது பேச்சுக்கு. ஒன்று அடுத்ததன் டவுசரைப் பிடித்து இழுக்கும். ஒன்று முருங்கைக்காய் வருவதற்கு முன்பே பூசணிக்காய் ஆகிவிடும். ஒன்று வாசலைப் பார்த்து அம்மா அம்மா என்று கூவும். இந்தக் கலவரத்துக்கு நடுவில் தேஜு மட்டும் என் முன்னால் வந்து நின்று, தலை என்றால் தலை, கை என்றால் கை, பொத்தென்றால் பொத்து என்று அச்சு பிசகாமல் ஆடுவாள். வாயும் என் வாய் போலவே அசையும். வீடியோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டால், தேஜு எங்கே நிற்கிறாளோ அங்கேதான் எல்லார் கண்ணும் போகும். சூப்பர்வைசர் மேடமே, “யாருங்க அந்தக் கவுன் போட்ட குட்டி? சூப்பரா பண்ணுது” என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனால் பேச்சு?

“டீச்சர், அது வூட்ல கன்னடம் பேசறவங்க. தமிழு இன்னும் ஏறல, அதான்” என்றாள் அமுதவல்லி. அவள் எங்கள் உதவியாளர். சாதம் வடிப்பதிலிருந்து ஊர்ச் செய்தி வடிப்பது வரை அவள் பொறுப்பு.

அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் தமிழ், கால் வீட்டில் தெலுங்கு, மிச்சம் கன்னடம். பிறமொழி வீட்டுப் பிள்ளை வந்தால் கொஞ்ச நாள் ஊமையாக உட்கார்ந்திருப்பது வழக்கம்தான். போன வருடம் ஒரு தெலுங்கு வீட்டுப் பையன் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது மாதம் திறந்தான் பாருங்கள், “டீச்சர், முட்ட எங்க?” என்று என்னையே அதட்டினான். அதனால் தேஜுவும் ஒரு நாள் பொத்துக்கொண்டு பேசுவாள் என்று இருந்தேன். போதாததற்கு அவள் அப்பா கிருஷ்ணப்பன் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறவர், பகலில் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா சைத்ரா கர்நாடகத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். தமிழ் நாலு சொல்தான் தெரியும். ஊருக்கு வெளியே அவர்கள் தோட்டக் காட்டில் தனி வீடு. அக்கம் பக்கம் என்று ஒரு குஞ்சு கிடையாது. அந்தக் குழந்தை தமிழை எங்கே கேட்டிருக்கப் போகிறது?

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் குழந்தைகளைப் பரிசோதிக்க டாக்டர்கள் வந்தார்கள். எடை, உயரம், பல், கண் எல்லாம் பார்த்தார்கள். தேஜு முறை வந்தது. “பேசறாளா?” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா சைத்ரா அன்று வரவில்லை. நான் இருக்கும்போது அம்மா எதற்கு என்று நினைத்துவிட்டேன் போல. “வூட்ல கன்னடம் பொரிஞ்சு தள்ளுவா டாக்டர். இங்கதான் தமிழு வரல” என்றேன். யார் எனக்குச் சொன்னது அவள் பொரிந்து தள்ளுகிறாள் என்று? ஒருவரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அத்தோடு விட்டேனா? “இவ ஆட்டத்தைப் பாருங்க டாக்டர்” என்று தட்டை எடுத்துவிட்டேன். தேஜு ஆடினாள். டாக்டரம்மா சிரித்துக் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து அடுத்த குழந்தைக்குப் போய்விட்டார். என் பதிவேட்டில் ‘இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறது’ என்ற இடத்தில் நான் ‘ஆம்’ போட்டேன். செப்டம்பரிலும் ‘ஆம்’ போட்டேன். அக்டோபரிலும்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த பையன் என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுதான். அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பாட வேண்டியதாயிற்று. தட்டும் இல்லை, கையாட்டமும் இல்லை, வெறும் பாட்டு. பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம் என்று வரிகளையும் மாற்றிப் போட்டேன். “பூசணிக்கா பூசணிக்கா” என்று முதலில் ஆரம்பித்தேன். எல்லாப் பிள்ளைகளும் கெக்கெக்கே என்று பொத்துப் பொத்தென்று உட்கார்ந்தன. தேஜு தலையை ஆட்டினாள். நான் “முருங்கக்கா” என்றேன். அவள் கையை ஆட்டினாள். பழைய வரிசை! வகுப்பிலேயே தப்பாமல் ஆடுகிற பிள்ளை வகுப்பிலேயே தப்பாக ஆடியது. “என்னடி இது, கவனம் எங்க இருக்குது உனக்கு?” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் இடுப்பில் இருந்தவன் என் சேலையில் மூக்கைச் சிந்தினான், அந்தக் கோபத்தில் அது மறந்துபோயிற்று.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் மேடம் ஒரு வீடியோ கேட்டார். பாட்டு ஓடும்போது பிள்ளைகள் ஆட வேண்டும், பாட்டு நின்றதும் சிலை மாதிரி நிற்க வேண்டும். நல்லதாக இருந்தால் மாவட்ட அளவில் காட்டுவார்களாம். அதற்காக எங்கள் வீட்டிலிருந்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்தேன். அமுதவல்லி பின்னால் நின்று பாட்டைப் போட்டு நிறுத்துவாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். தேஜுவை நடுவில் நிறுத்தினேன். வேறு யாரை நிறுத்துவேன்?

பாட்டு நின்றது. எல்லாம் நின்றன. தேஜு மட்டும் ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பார்த்தாள், பிறகு நின்றாள். மறுபடி போட்டோம். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை எல்லாரும் ஆடுகிறார்கள், இவள் சிலை. நாலாவது தடவை நான் பொறுமை இழந்தேன். “நில்லுன்னா நிக்கத் தெரியாதா? வேணும்னே பண்றியா நீ?” என்று கத்தினேன். கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்தேன். “இன்னிக்கு நீ ஆட வேணாம், போ.”

அவள் அழவில்லை முதலில். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டினாள். நான் திரும்பி முறைத்தேன். அப்போதுதான் அழுதாள். அது எந்த வகை அழுகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சைத்ரா வந்தாள். குழந்தையின் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. “ஏனு ஆய்த்து டீச்சர்?” என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கிறாள், அவ்வளவு கன்னடம் எனக்குத் தெரியும்.

“சொல்றது ஒன்னும் கேக்க மாட்டேங்குறாம்மா. நில்லுன்னா ஆடறா, ஆடுன்னா நிக்கறா. தமிழும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா. நீங்க வூட்ல கன்னடமே பேசிட்டு இருந்தா எப்புடி? கொஞ்சம் தமிழும் பேசுங்க.”

சைத்ரா என்னை விநோதமாகப் பார்த்தாள். “தமிழ் பேசுதே இவ?”

“எங்க பேசறா?”

“இங்க. பால்வாடில.” அவள் தன் போனை எடுத்தாள். என் வீடியோக்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றைப் போட்டு, குழந்தையின் வாயைத் தொட்டுக் காட்டினாள். “நோடி, பாருங்க, பாடுது. தமிழ். எங்க அம்மா வூட்டுக்கு எல்லாருக்கும் அனுப்புனேன்.”

“அது சும்மா வாய் அசைக்கறாம்மா. சத்தம் வராது. சரி, அதை விடு. வூட்ல கன்னடம் பேசுவா இல்ல?”

“இல்ல.”

“இல்லைன்னா?”

“மனேலி மாத்தாடல்ல. வூட்ல பேசாது. ஒன்னும் பேசாது.” அவள் மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னாள். “இவங்க அப்பா சொன்னாரு, பால்வாடில தமிழ் கத்துக்குது, ரெண்டு பாஷை, அதான் வூட்ல லேட் ஆகுதுன்னு.”

நான் அமுதவல்லியைப் பார்த்தேன். அமுதவல்லி என்னைப் பார்த்தாள். நாங்கள் அவள் வீட்டில் கன்னடம் பேசுகிறாள் என்று இருந்தோம். அவர்கள் அவள் இங்கே தமிழ் பேசுகிறாள் என்று இருந்தார்கள். எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லாமல் ஒரு குழந்தை நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சேசுமரியே!

“காது கேக்குதான்னு பார்த்தாச்சா?” என்று அமுதவல்லிதான் கேட்டாள். பதினாறு வருட டீச்சருக்குத் தோன்றாதது.

உடனே பார்த்தோம். தேஜுவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து, பின்னாலிருந்து தட்டைத் தரையில் போட்டேன். திரும்பினாள்! “பாருங்க, கேக்குது, கேக்குது” என்று அமுதவல்லி குதித்தாள். சைத்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை, இந்தத் தடவை தட்டைக் கையிலேயே பிடித்துக் கரண்டியால் அடித்தேன். திரும்பவில்லை. ஓங்கி அடித்தேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன. தேஜு சுவரில் இருந்த கிளிப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தரையில் காலைத் தட்டினேன். திரும்பினாள். தரை அதிர்வதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சைத்ராவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அவள் அப்படியே இருந்தாள்.

மறுநாள் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஒரு ஆசை, யாரும் சொல்லவில்லை. கிருஷ்ணப்பன் லோடை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில்தான் வெடித்தார்.

“டீச்சர், நீங்கதான ‘நல்லா இருக்கா, நம்பர் ஒன்னு’ன்னு குரூப்ல போட்டீங்க?”

“ஆமாங்க.”

“நில்லுன்னா நிக்க மாட்டேங்குறான்னு சொன்னீங்களாம், தமிழ் புரியலன்னு. நில்லுன்னா கன்னடத்துலயும் நில்லுதானுங்க. அதுக்கு எதுக்குங்க தமிழு?”

ஆகஸ்டில் டாக்டரிடம் நான் சொன்னதையும் பதிவேட்டில் போட்ட ‘ஆம்’களையும் அங்கேயே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருந்தாலும் சொல்லாமல் உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. கிருஷ்ணப்பன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “நானும் பக்கத்துலதான படுத்திருந்தேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். துளியும் இல்லை என்றும் சொல்லவில்லை, மிகவும் குறைவு என்றார்கள். காதுக்கு அளவெடுத்துக் கருவி கொடுப்பார்கள். அதைப் போட்டுப் பழக்க வேண்டும். மூன்று மாதத்தில் சத்தம் பிடிபட ஆரம்பித்தால் பேச்சுக்கு வழி உண்டு. பிடிபடாவிட்டால் ஆப்பரேஷன், அதையும் தள்ளிப்போடக் கூடாது, வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். “பகல்ல உங்ககிட்டதான் இருக்குது. சத்தத்துக்குத் திரும்புதா, நிக்குதா, கவனிச்சு எழுதிட்டு வாங்க” என்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். என்னிடம்! எழுதும் விஷயத்தில் என் லட்சணம் தெரியாமல்.

டிசம்பர் நடுவில் கருவி வந்தது. இரண்டு காதிலும் வெளிர் நிறத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தேஜு வந்தாள். மற்ற பிள்ளைகள் எனக்கும் வேண்டும் எனக்கும் வேண்டும் என்று அழுதன. நான் தட்டை எடுத்தேன், பாடினேன், அவள் காதுக்கு இன்று முதல்முதலாக என் குரல் போகிறது என்று இன்னும் ஓங்கிப் பாடினேன்.

தேஜு ஆடினாள். தலை என்றால் தலை. கை என்றால் கை. ஒரு மாற்றமும் இல்லை.

கேட்டு ஆடுகிறாளா, பார்த்து ஆடுகிறாளா? எப்படிக் கண்டுபிடிப்பது? கையை ஆட்டாமல் பாடினேன். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஆடினாள். எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் நிறுத்திப் பாடினேன். என் உதட்டைப் பார்த்து ஆடினாள். உதட்டைத் தட்டால் மறைத்துக்கொண்டேன். என் புருவத்தைப் பார்த்தாளோ என்னவோ, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் ஆடினாள். பாதி சரி என்றால் கேட்கிறதா, கேட்கவில்லையா? தாளில் முதல் நாள் ‘கேட்கிறது’ என்று எழுதி அடித்தேன். ‘கேட்கவில்லை’ என்று எழுதி அதையும் அடித்தேன். பிறகு ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். பதினாறு வருடத்தில் நான் எழுதிய ஒரே நேர்மையான சொல் அதுதான் என்று அமுதவல்லியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, பொங்கல் வந்து போயிற்று. தாள் நிறையத் ‘தெரியவில்லை’. ஆட்டம் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. முன்பெல்லாம் அவள் சரியாக ஆடினால் எனக்கு உச்சி குளிரும். இப்போது அவள் சரியாக ஆட ஆட எனக்குப் பயம்தான் ஏறியது. அவள் கண் அத்தனை வேலையையும் செய்து முடித்துவிடுகிறது, காதுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் எதெதற்கோ வேண்டிக்கொண்டிருந்தபோது, “மாதாவே, இந்தப் பிள்ளை ஒரு நாளாவது தப்பா ஆடணும்” என்று நான் வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதலை மாதா கேட்டிருக்க மாட்டாள். சைத்ராவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு மகளைப் பற்றிப் பெருமைப்பட மிச்சம் இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். அதுவும் தப்பாகப் போகட்டும் என்று எந்த வாயால் சொல்வது? வீடியோவை மட்டும் வழக்கம்போல அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் மூன்று மாதம் முடிகிறது. அதற்கு முந்தின வாரம் ஒரு நாள். பதினோரு மணி இருக்கும். பிள்ளைகள் கத்திரிக்காயில் இருந்தார்கள். எல்லாக் கைகளும் மேலே. தேஜுவின் கைகளும் மேலே. நான் “முருங்கக்கா” என்று இழுத்து நிமிர்ந்து நின்றேன். எல்லாம் நிமிர்ந்தன. தேஜு நிமிரவில்லை. கையை இறக்கவும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற அமுதவல்லியைப் பார்த்தாள். எதையோ தொலைத்தவள் தேடுவது போல இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் என் காதிலும் அது விழுந்தது. தெருவில் ஒரு ஆட்டோ. கூம்பு ஸ்பீக்கர் கட்டி, “கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்” என்று ஒரே குரல் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தது. தினமும் ஏதாவது ஒரு வண்டி இப்படிக் கத்திக்கொண்டு போகும். எங்கள் காதுக்கு அது காற்று மாதிரி, இருப்பதே தெரியாது.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

“அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க!”

வண்டி நின்றது. “என்னக்கா, குக்கரா மிக்ஸியா?”

“ரெண்டும் இல்ல. அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க.”

அவர் முகம் சுருங்கியது. “பிள்ளைங்க தூங்குதா? போயிட்றேன் போயிட்றேன்.”

“போகாதீங்க! நிறுத்த மட்டும் செய்யுங்க.”

நிறுத்தினார். நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். தேஜுவின் கை மெதுவாக இறங்கியது. “இப்ப போடுங்க” என்றேன்.

“ஏக்கா, வெயில்ல வெளையாட்டா இது?”

“போடுய்யான்னா போடு!”

போட்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற தேஜுவின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. “டீச்சர், திரும்பறா!” என்று உள்ளேயிருந்து அமுதவல்லி அலறினாள். நிறுத்தச் சொன்னேன். போடச் சொன்னேன். மறுபடி நிறுத்தச் சொன்னேன். நாலு தடவை. நாலு தடவையும் தேஜு சத்தம் வந்ததும் அப்படியே நின்று தேடினாள். பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றும் தேடவில்லை, பார்த்துச் செய்ய அங்கே யாரும் இல்லை. நாலாவது தடவை அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கீழுதடு பிதுங்க, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

“உனக்கு நூறு வயசுய்யா!” என்று அந்த ரிப்பேர்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அவர் இன்னும் ஸ்விட்சில் கை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பிள்ளைகள் தாங்களாகவே தட்டை எடுத்து அடித்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்திருந்தன. எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. தேஜு மட்டும் நடுவில் ஆடாமல், காதைப் பிடித்தபடி மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றாள். பின்பக்கக் கதவு வழியாக அப்போதுதான் சைத்ரா வந்திருக்கிறாள். காட்டிலிருந்து நேரே வந்தவள், தெருவில் நடந்த கூத்தை அவள் பார்க்கவில்லை. தன் பிள்ளை ஆடாமல் நிற்பதை மட்டும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

“யாக்கே டீச்சர்? ஏன் ஆடல? இவ ஏன் ஆடல?”

எனக்கு நீளமான வாய் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒன்றும் வரவில்லை. கன்னடத்தில் சொல்லலாம் என்று பார்த்தேன், தெரிந்த நாலு சொல்லும் ஓடிவிட்டன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கேக்குதும்மா” என்றேன். “கேக்குது. அதான் ஆடல.”